உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கி இருக்கும் வீட்டில் பிள்ளைகள்

மகனோ மகளோ பேரனோ பேத்தியோ அமெரிக்காவில் இருக்கும் குடும்பம் ஒன்றாவது இல்லாத தெரு இன்று தமிழ்நாட்டில் குறைவு. அந்த நாட்டில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைவிட அதிகம். நம்மவர்கள் வாங்காமல் இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கும், பிள்ளைகள் விளையாடப் போகும் வீட்டில் இருக்கும், பள்ளித் தோழனின் அப்பாவுடைய அலமாரியில் இருக்கும். அதனால் இந்த வாரம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

காரை முந்திய துப்பாக்கி

அமெரிக்காவில் 1 வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்தது சாலை விபத்து. 2020-ல் அந்த இடத்துக்குத் துப்பாக்கி வந்தது. அந்த ஒரே ஆண்டில் 4,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் துப்பாக்கியால் இறந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பேர். அதற்கடுத்த ஆண்டிலும் எண்ணிக்கை கூடியதே தவிர குறையவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. துப்பாக்கிச் சாவுகள் ஏறியது பாதிக் கதைதான். சாலைச் சாவுகள் இறங்கியது மீதிக் கதை. டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் துரத்தினார். அதன் பலனாகக் காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்ற சட்டம் 1978-ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலேயே முதல் சட்டம் அது. 1985-க்குள் எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றிவிட்டன. பிறகு சீட் பெல்ட், ஏர்பேக், நல்ல சாலை, இளம் ஓட்டுநர்களுக்குப் படிப்படியான உரிமம் என்று ஒவ்வொன்றாக வந்தன. காரை யாரும் தடை செய்யவில்லை. காரும் சாலையும் சட்டமும் பிள்ளைகளை மனதில் வைத்து மாற்றப்பட்டன, அவ்வளவுதான். இதே அக்கறையைத் துப்பாக்கி விஷயத்திலும் காட்டுங்கள் என்றுதான் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் 1992-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வழி, மூன்று மருந்து

பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் உலகமே பேசுகிறது. ஆனால் இந்தச் சாவுகளில் அது மிகச் சிறிய பங்கு. ஏறக்குறைய பத்தில் ஆறு, யாரோ ஒருவர் சுட்டுக் கொன்றவை. பத்தில் மூன்று, தற்கொலை. கைதவறிச் சுட்டதால் நேர்பவை நூற்றுக்கு ஐந்து போல. ஒவ்வொன்றுக்கும் தடுப்பு வழி வேறு. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் எதற்கும் தீர்வு கிடைக்காது.

கட்டிலோர மேசையில்

கைதவறிச் சுட்டு இறந்த பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2023 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2003 முதல் 2021 வரையிலான மரணங்கள். பதினெட்டு வயது நிரம்பாத 1,262 பிள்ளைகள். அதைப் படித்தால் திரும்பத் திரும்ப ஒரே காட்சிதான் வருகிறது. இடம், பெரும்பாலும் ஒரு வீடு. பாதிக்கு மேல் அந்தப் பிள்ளையின் சொந்த வீடு. மூன்றில் இரண்டு பங்கு நிகழ்வுகளில், சுட்டவர் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார் அல்லது யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். சேமிப்பு விவரம் தெரிந்த நிகழ்வுகளில் நான்கில் மூன்று துப்பாக்கிகளில் தோட்டா போட்டே இருந்தது. நான்கில் மூன்று பூட்டப்படாமல் இருந்தன. பிள்ளைகள் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தால், முதலிடத்தில் வருவது கட்டிலோர மேசையும் தலையணை, மெத்தையை ஒட்டிய இடங்களும்தான்.

திருடன் வந்தால் கைக்கு எட்ட வேண்டும் என்று பெரியவர் வைத்த இடம் அது. அந்த உயரம் மூன்று வயதுக் குழந்தைக்கும் எட்டும்.

பிஞ்சு விரலுக்கு வலு உண்டா?

உண்டு. குழந்தையால் விசையை இழுக்க முடியாது என்று நம்பும் பெற்றோர் இன்றும் நிறைய. 1995-ல் வெளியான ஓர் ஆய்வில் குழந்தைகளின் விரல் வலுவை அளந்து, கடைகளில் விற்கும் 64 கைத்துப்பாக்கிகளின் விசையை இழுக்கத் தேவைப்படும் வலுவோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் பலவற்றைச் சுடக்கூடிய வலு 3–4 வயதில் நான்கில் ஒரு குழந்தைக்கு இருந்தது. 5–6 வயதில் 70 சதவீதம். 7–8 வயதில் 90 சதவீதம்.

சின்னக் குழந்தை பெரியவரைப்போலத் துப்பாக்கியைப் பிடிப்பதில்லை. ஆள்காட்டி விரலுக்கு வலு போதாததால் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலால் விசையை அழுத்தும். அப்போது குழல் அதன் முகத்தை நோக்கியிருக்கும்.

2023 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் முதல் வகுப்பு மாணவன் ஒருவன், வயது ஆறு, வகுப்பறையிலேயே ஆசிரியையைச் சுட்டான். ஆசிரியை உயிர் பிழைத்தார். அவனுடைய அம்மா சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்த துப்பாக்கி அது.

1887-லேயே யோசித்தார்கள்

ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1887 வாக்கில் ஒரு ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கைப்பிடியின் பின்புறத்தில் இருக்கும் ஒரு பட்டையையும் விசையையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது சுடும். எட்டு வயதுக்குட்பட்ட சாதாரணக் குழந்தையால் இதைச் சுட முடியாது என்றே விளம்பரம் செய்தார்கள். எலுமிச்சை பிழியும் கருவி என்று அதற்குச் செல்லப்பெயர்கூட வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கைவந்த யோசனை. அதன்பின் எத்தனையோ புதுமை வந்தும், குழந்தையின் கையில் இயங்காத துப்பாக்கி என்பது பொது வழக்கமாக மாறவேயில்லை. விரல்ரேகையைப் படித்துத் திறக்கும் துப்பாக்கிகள் இப்போதுதான் மெல்லக் கடைக்கு வருகின்றன.

பொம்மைக்கு விதி உண்டு, நிஜத்துக்கு?

அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் நுனி பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்று 1988-ல் சட்டம் வந்தது. ஆஸ்பிரின் புட்டிக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்பதற்கு 1970-லேயே சட்டம் போட்டார்கள். தொட்டில், மிதிவண்டித் தலைக்கவசம், பட்டாசு என்று வீட்டுக்குள் வரும் ஆயிரக்கணக்கான பொருள்களின் பாதுகாப்பைக் கவனிக்க 1972-ல் ஒரு மத்திய ஆணையமே அமைக்கப்பட்டது. ஆனால் நிஜத் துப்பாக்கி அந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராது. சட்டத்திலேயே அப்படி விலக்கு. விசை தளர்வாக இருக்கிறது, குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லி ஒரு துப்பாக்கியைத் திரும்பப் பெறச்செய்ய அந்த ஆணையத்தால் முடியாது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தபோது

இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மனதை மிகவும் உலுக்கியது 2001-ல் வெளியான அட்லாண்டா ஆய்வு. 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராக ஓர் அறைக்குள் விட்டார்கள். அறையில் இழுப்பறைகள். ஒன்றில் நீர்த்துப்பாக்கிகள். இன்னொன்றில் நிஜக் கைத்துப்பாக்கி. தோட்டா இல்லை, சுட முடியாதபடி மாற்றப்பட்டது, ஆனால் யாராவது விசையை இழுத்தால் பதிவாகும்படி உள்ளே ஒரு கருவி. ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஆராய்ச்சியாளர்கள். பெற்றோரின் சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது.

கால் மணி நேரம். 29 குழுக்களில் 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்துவிட்டன. அவற்றில் 16 குழுக்கள் அதைக் கையில் எடுத்தன. பத்துக் குழுக்களில் யாராவது ஒருவன் விசையை இழுத்தான். அது நிஜமா பொம்மையா என்று பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. துப்பாக்கியைத் தொட்ட பையன்களில் பத்தில் ஒன்பது பேர், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள். என் பிள்ளைக்குத் துப்பாக்கியில் நாட்டமே இல்லை என்று சொன்ன பெற்றோரின் பையன்களும் மற்றவர்களைப் போலவேதான் நடந்துகொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வயதில் இழுப்பறையைத் திறந்து பார்க்காத பிள்ளை எங்கே இருக்கிறது? திறந்தால் அது கிடைக்கும்படி வைத்ததுதான் தப்பு.

"அவனுக்கு இருக்கிற இடமே தெரியாது"

அலபாமா மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் கிராமத்துக் குடும்பங்களில், பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகளுக்கு இடம் நன்றாகவே தெரிந்திருந்தது. தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதத்தினரின் பிள்ளைகள், எடுத்துப் பார்த்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள். பரண் மேல் ஒளித்து வைத்த தீபாவளிப் பலகாரத்தையே கண்டுபிடிக்கும் வயது அது. ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

பாடம் சொன்னால் போதுமா?

"நில், தொடாதே, ஓடு, பெரியவரிடம் சொல்" என்று ஒரு கழுகுப் பொம்மையை வைத்துப் பாடம் நடத்தும் திட்டம் 1988-லிருந்து அமெரிக்கப் பள்ளிகளில் இருக்கிறது. அதை நடத்துவது தேசிய ரைஃபிள் சங்கம். பிள்ளைகள் வாசகத்தை ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் தனியாக விட்டு, உண்மையாகத் துப்பாக்கியைக் காணவைத்துச் சோதித்தால், பலர் சொன்னபடி செய்வதில்லை. நடித்துக் காட்டி, அந்த இடத்திலேயே திருத்தித் திருத்திப் பழக்கினால் மட்டும் பலன் கூடுகிறது.

2023-ல் வெளியான ஒஹாயோ ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 8–12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நிமிடத் துப்பாக்கிப் பாதுகாப்புக் காணொளி. ஒரு வாரம் கழித்து அறைக்குள் துப்பாக்கியைக் கண்டபோது, காணொளியைப் பார்த்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் பெரியவரிடம் போய்ச் சொன்னார். பார்க்காதவர்களில் பத்தில் ஒருவர்தான் சொன்னார். நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் பார்த்தவர்களில் மூன்றில் இருவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள், கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். அதை நம்பிப் பூட்டாமல் விடாதீர்கள்.

திரையில் சுட்டால்

அதே ஒஹாயோ ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை: ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிக் காட்சிகளோடு படம், மறு பகுதியினருக்கு அந்தக் காட்சிகளை வெட்டிவிட்டு அதே படம். இருபதே நிமிடம். பிறகு விளையாட விட்டார்கள். துப்பாக்கிக் காட்சிகளோடு பார்த்த பிள்ளைகள், அறையில் கிடைத்த துப்பாக்கியை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்கள். விசையையும் பலமுறை இழுத்தார்கள். நம் ஊர்ப் படங்களில் கதாநாயகனின் இடுப்பில் துப்பாக்கி ஏறிவிட்ட காலம் இது. யோசிக்க வேண்டிய செய்தி.

மேகசினைக் கழற்றினால் காலியா?

இல்லை. பல உயிர்கள் இந்த ஒரு தவறான நம்பிக்கையால் போயிருக்கின்றன. பிஸ்டலின் கைப்பிடிக்குள்ளிருந்து மேகசினை உருவிவிட்டால் தோட்டா எல்லாம் வெளியே வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே ஒரு தோட்டா குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏறியிருக்கலாம். மேகசின் கீழே மேசைமேல் கிடக்கும். துப்பாக்கிக்குள் ஒன்று காத்திருக்கும். பெரும்பாலான பிஸ்டல்கள் அந்த நிலையிலும் சுடும். பதின்வயதுப் பையன்கள் நண்பனிடம் "பார், காலி" என்று காட்டும்போது நேரும் விபத்துகள் பல இப்படிப்பட்டவை.

நான்கு பழக்கம்

2005-ல் வெளியான முக்கியமான ஆய்வொன்று, பிள்ளைகள் துப்பாக்கியால் காயப்பட்ட வீடுகளையும், அப்படி எதுவும் நடக்காத வீடுகளையும் ஒப்பிட்டது. துப்பாக்கியைப் பூட்டி வைத்தவர்கள் வீட்டில் ஆபத்து 73 சதவீதம் குறைவு. தோட்டாவை இறக்கி வைத்திருந்தால் 70 சதவீதம். தோட்டாவையும் தனியாகப் பூட்டியிருந்தால் 61 சதவீதம். தோட்டா வேறிடத்தில் இருந்தாலே 55 சதவீதம். அதனால்தான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்: துப்பாக்கி இல்லாத வீடுதான் பிள்ளைக்கு மிகப் பத்திரம், இருந்தே ஆக வேண்டுமென்றால் தோட்டாவை இறக்கு, துப்பாக்கியைப் பூட்டு, தோட்டாவை வேறிடத்தில் வைத்துப் பூட்டு. சாவியும் கடவு எண்ணும் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. பிறந்த தேதியைக் கடவு எண்ணாக வைத்தால் பூட்டே இல்லாத மாதிரிதான்.

ஆனால் தோட்டா போட்டு, பூட்டாமல் வைத்த துப்பாக்கி இருக்கும் வீடுகளில் வாழும் அமெரிக்கப் பிள்ளைகள் சுமார் 46 லட்சம் பேர் என்று ஒரு கணக்கு சொல்கிறது.

இலவசப் பூட்டு

கேபிள் பூட்டு என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட எஃகு வடம். ஒரு முனையில் சின்னப் பூட்டு. வடத்தைத் துப்பாக்கியின் உடல் வழியாக நுழைத்து மேகசின் பொருந்தும் இடத்தின் வழியே வெளியே எடுத்துப் பூட்டினால், தோட்டா ஏற்ற முடியாது, துப்பாக்கியும் மூடாது. வடம் போக வேண்டுமென்றால் முதலில் தோட்டாவை இறக்கியே ஆக வேண்டும் என்பது இதன் கூடுதல் நன்மை. பல காவல் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இலவசமாகவே தருகிறார்கள். கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்காரர் கூடவே ஒரு பூட்டைத் தர வேண்டும் என்று 2005-ல் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. வாங்கியவர் வீட்டில் அதை மாட்டுகிறாரா என்பதைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

அலாஸ்காவின் இரும்புப் பெட்டி

தென்மேற்கு அலாஸ்காவின் பழங்குடிக் கிராமங்கள் பலவற்றுக்குச் சாலை கிடையாது. சிறு விமானத்தில்தான் போக வேண்டும். மூஸ் மானும் கடல்நாயும் வேட்டையாடித்தான் சாப்பாடு. ஒரே வீட்டில் பல துப்பாக்கிகள் இருப்பது அங்கே இயல்பு. துப்பாக்கியை விட்டுவிடு என்று அங்கே யாரும் போய்ச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது, அது அவர்கள் சோறு.

முதலில் நாற்பது வீடுகளில் ஒரு சின்ன முயற்சி நடந்தது. இரும்புப் பெட்டியும் விசைப் பூட்டும் இரண்டையுமே கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெட்டியை 86 சதவீத வீடுகள் பூட்டிப் பயன்படுத்தின. விசைப் பூட்டை மாட்டியவை 30 சதவீதம்தான். காரணம் ஊகிக்கக்கூடியதே. விசைப் பூட்டை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்ற வேண்டும். பெட்டி என்றால் வேட்டை முடிந்து வந்ததும் உள்ளே வைத்து ஒரு பூட்டு.

அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு ஆறு கிராமங்களில் 255 வீடுகளில் பெரிய ஆய்வு நடந்து, 2012-ல் வெளியானது. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், வீட்டிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பூட்டாத துப்பாக்கி இருந்த வீடுகள், பெட்டி கிடைத்தவர்களில் 35 சதவீதம். இன்னும் கிடைக்காதவர்களில் 89 சதவீதம். பிறகு அவர்களுக்கும் பெட்டி பொருத்தப்பட்டது. உபதேசம் இல்லை, மிரட்டல் இல்லை. அந்த ஊர் வாழ்க்கைக்குப் பொருந்துகிற ஒரு பெட்டி.

அந்தச் சில நிமிடங்கள்

பதின்வயதுத் தற்கொலை என்றால் நீண்ட நாள் திட்டம் என்று நினைக்கிறோம். பல இளைஞர்களுக்கு எண்ணம் உச்சத்துக்குப் போவதற்கும் செயலுக்கும் நடுவே இருப்பது சில நிமிடங்கள், சில மணி நேரம். தேர்வு முடிவு, காதல் முறிவு, அப்பாவோடு சண்டை என்று ஏதோ ஓர் அலை. அந்த அலை அடங்கும்வரை கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். முயன்று உயிர் தப்பியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி மட்டும் அந்த இரண்டாவது வாய்ப்பை அநேகமாகத் தருவதில்லை. பிள்ளைகள் எடுக்கும் துப்பாக்கி ஐந்தில் நான்கு முறை குடும்பத்தாருடையது.

இஸ்ரேல் ராணுவத்தில் 18 முதல் 21 வயது வீரர்கள் வார விடுமுறையில் ரைஃபிளோடு வீட்டுக்குப் போவது வழக்கமாக இருந்தது. 2006-ல் அதை முகாமிலேயே விட்டுச்செல்ல உத்தரவு வந்தது. அந்த வயதினரின் தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது வார இறுதியில்தான். மற்ற நாள்களில் பெரிய மாற்றமில்லை. கைக்கு எட்டாதபோது வேறு வழி தேடிப் போவார்கள் என்ற பழைய வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இலங்கையும் இதையே வேறு விதத்தில் கண்டது. அங்கே கொடிய பூச்சிமருந்துகளை 1995-லிருந்து ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். பத்தாண்டில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது.

பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தால், வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அந்த நாள்களில் துப்பாக்கியை வீட்டை விட்டே வெளியேற்றுவது இன்னும் நல்லது. அமெரிக்காவில் 988, இந்தியாவில் 14416. இரண்டும் இரவு பகல் பாராமல் பேசும் எண்கள்.

பள்ளிக்கு வந்த துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

வீட்டிலிருந்து. அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளிகளில் துப்பாக்கியால் தாக்கியவர்களில் நான்கில் மூன்று பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து எடுத்தவர்கள்.

2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் துப்பாக்கி நான்கு நாளைக்கு முன்புதான் அவனுடைய அப்பா வாங்கியது. அன்று காலையே அவன் வரைந்திருந்த படத்தைப் பார்த்துப் பதறி, பள்ளி நிர்வாகம் பெற்றோரை வரவழைத்தது. அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துப்போகவில்லை. 2024-ல் அம்மா, அப்பா இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் அதுவே முதல் முறை. அதே ஆண்டு பிப்ரவரியில், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டமும் மிச்சிகனில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வேலை செய்கிறதா?

பிள்ளையின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டால் பெரியவரைப் பொறுப்பாக்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது ஃப்ளோரிடா, 1989-ல். இப்படிச் சட்டம் போட்ட மாநிலங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களின் துப்பாக்கி விபத்துச் சாவுகள் 23 சதவீதம் குறைந்ததாக 1997-ல் ஓர் ஆய்வு சொன்னது.

அதே ஃப்ளோரிடாதான் 2011-ல், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று நோயாளியிடம் மருத்துவர் கேட்பதைக் கட்டுப்படுத்தியும் சட்டம் போட்டது. தடுப்பூசியையும் நீச்சல் குளத்தையும் பற்றிக் கேட்கும் டாக்டர் இதை மட்டும் கேட்கக்கூடாதாம். ஆறு ஆண்டு வழக்குக்குப் பிறகு 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. டாக்டர் சொல்வதோடு பூட்டையும் கையில் கொடுத்தனுப்பினால் பலன் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இருபத்து மூன்று ஆண்டு மௌனம்

1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் வேலைகளுக்குச் சிடிசி பணம் செலவிடக்கூடாது என்று நிதி மசோதாவில் ஒரு வரி சேர்த்தது. ஜே டிக்கி என்ற உறுப்பினரின் பெயரால் அது டிக்கி திருத்தம் எனப்பட்டது. ஆராய்ச்சியே கூடாது என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனாலும் பயத்தில் ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றேபோனது. 2012-ல் அதே டிக்கி, தாம் எதிர்த்த சிடிசி விஞ்ஞானி மார்க் ரோசன்பர்க்கோடு சேர்ந்து கட்டுரை எழுதி, ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்டார். 2019 டிசம்பரில்தான் பணம் திரும்பவும் ஒதுக்கப்பட்டது.

தெருவில் என்ன செய்யலாம்?

பூட்டு வீட்டைக் காக்கும். ஆனால் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பங்கினர், குறிப்பாகக் கறுப்பினப் பதின்வயதினர், தெருவில் பிறர் சுட்டு இறப்பவர்கள். வறுமையும் புறக்கணிப்பும் சூழ்ந்த பகுதிகள் அவை. அங்கேயும் பலன் தந்த வழிகள் இருக்கின்றன, எளியவைகூட. ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மண்டிக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல் போட்டு, மரம் நட்டு, இடுப்புயர மரவேலி கட்டினார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாக 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது. சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் எட்டு வாரம் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். அடுத்த பதினாறு மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காக அவர்கள் கைதானது 43 சதவீதம் குறைந்தது. எட்டு வாரச் சம்பளமும், விசாரிக்க ஒரு பெரியவரும்.

நம் ஊரில்

இந்தியாவில் துப்பாக்கி உரிமம் பெற 21 வயதாக வேண்டும். அமெரிக்க நிலைமையோடு ஒப்பிடவே முடியாது. ஆனாலும் கவலையில்லை என்று இருந்துவிட முடியவில்லை. வடமாநிலக் கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுட்டுப் பிள்ளைகள் இறந்த செய்தி அவ்வப்போது வருகிறது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும்.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் எங்கிருந்தோ வந்த தோட்டா பாய்ந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த பயிற்சித் தளத்தில் அன்று பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். சில நாளில் தஞ்சாவூர் மருத்துவமனையில் பையன் இறந்தான். ரைஃபிள் தோட்டா ஒரு கிலோமீட்டர் தாண்டியும் கொல்லும். பயிற்சித் தளத்துக்கும் வீடுகளுக்கும் இடையில் எவ்வளவு தூரம், நடுவில் என்ன தடுப்பு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

பலூன் சுடும் ஏர்கன்னையும் லேசாக எண்ண வேண்டாம். அதன் சிறு குண்டு ஒரு பிள்ளையின் கண்ணை நிரந்தரமாகப் பறித்துவிடும். கண் கவசம் இல்லாமல், பெரியவர் பக்கத்தில் இல்லாமல் அதைக் கையில் கொடுக்கக்கூடாது.

ஜூன் 21

அமெரிக்காவில் கோடை தொடங்கும் ஜூன் 21-ஐ "கேளுங்கள்" நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். பிள்ளை வேறு வீட்டுக்கு விளையாடவோ இரவு தங்கவோ போகுமுன் அந்த வீட்டாரிடம் ஒரு கேள்வி: "உங்கள் வீட்டில் பூட்டாத துப்பாக்கி ஏதும் இருக்கிறதா?"

நம் ஆட்களுக்கு இது கூச்சமாக இருக்கும் என்பது தெரியும். புதிதாகப் பழகிய குடும்பம், என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்குவோம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போயிருக்கும் பாட்டிக்கு இன்னும் சங்கடம். அவர் மருமகளிடம் சொல்லிக் கேட்கவைக்கலாம். மற்றக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்பது சுலபம். "இவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. உங்க வீட்ல நாய் இருக்கா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கா? துப்பாக்கி இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?" நேரில் கேட்க வாய் வரவில்லையென்றால் ஒரு குறுஞ்செய்தி போதும். துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். பதில் திருப்தியாக இல்லையா? சண்டையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "இந்த வாரம் உங்க பையனை எங்க வீட்டுக்கு அனுப்புங்களேன், தோசை வார்த்துத் தர்றேன்" என்று சொல்லிவிடலாம்.